வெள்ளி மாலையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: யூதத் தாத்தா பாட்டி வீட்டுக்கு ஒரு கோடைக் கார்ப் பயணம்

நியூ ஜெர்சியின் ஹைலேண்ட் பார்க்கிலிருந்து சிகாகோவின் வெஸ்ட் ராஜர்ஸ் பார்க்குக்குச் சுமார் 800 மைல். விடியற்காலையில் கிளம்பி அடித்துப் பிடித்து ஓட்டினால் ஒரே நாளில் போய்விடலாம். இப்படி நினைத்துத்தான் கல்யாணம் ஆன புதிதில் நானும் வண்டியை எடுத்தேன். என் மனைவி யூதர். மாமனார், மாமியார் இருவரும் ஷபாத் என்னும் சனிக்கிழமை ஓய்வுநாளையும் கோஷர் உணவு விதிகளையும் விடாமல் கடைப்பிடிப்பவர்கள். எங்கள் வீட்டிலும் இப்போது அப்படித்தான். நான் மட்டும் திருநெல்வேலிக்காரன், வண்டி ஓட்டுபவன். (எங்கள் கல்யாணத்தை மாமனார் ஏற்றுக்கொள்ள நாலு வருஷம் ஆனது. அது வேறு கதை.)

இந்தப் பயணத்தில் எனக்கு விழுந்த அடிகளை வைத்து எழுதியது இது. யூதக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்கள், கொடுத்தவர்கள், யூத நண்பர்களோடு அவர்கள் பெற்றோர் வீட்டுக்கு முதன்முறை போகிறவர்கள் என்று நம்மில் பலர் இருக்கிறோம். யூதர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கடைப்பிடிப்பதில்லை, எதையும் கடைப்பிடிக்காத குடும்பங்களும் ஏராளம். ஆகவே முதல் வேலை, எது உண்டு எது இல்லை என்று அந்த வீட்டாரிடமே கேட்பது. நான் சொல்வது ஷபாத்தும் கோஷரும் உள்ள வீட்டுக்கு.

தேதியை முடிவு செய்யுமுன்

ராகுகாலம், எமகண்டம் பார்த்து வளர்ந்த நமக்கு நாட்காட்டியைக் கேட்டுக் கிளம்புவது புதிதில்லை. யூத நாட்காட்டி சந்திர மாதக் கணக்கு. அதனால் ஆங்கிலத் தேதி வருஷா வருஷம் நகரும். கோடையில் கவனிக்க வேண்டியது தம்மூஸ் மாதம் 17-இலிருந்து ஆவ் மாதம் 9 வரையிலான மூன்று வாரங்கள். எருசலேமின் மதில் உடைக்கப்பட்டதில் தொடங்கி ஆலயம் அழிந்தது வரை நினைத்துத் துக்கம் காக்கும் காலம் அது. தொடங்கும் நாளும் முடியும் நாளும் நோன்பு. கடைசி ஒன்பது நாட்களில் அஷ்கெனாசி வழக்கப்படி, அதாவது கிழக்கு, மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பங்களின் வழக்கப்படி, ஷபாத் தவிர மற்ற நாட்களில் இறைச்சியும் திராட்சரசமும் கிடையாது, நீச்சல் போன்ற உல்லாசங்களும் கிடையாது. மூன்று வாரமும் பாட்டுக் கேட்பதையே தவிர்ப்பவர்கள் உண்டு. இரண்டு குழந்தைகளோடு 800 மைல், காரில் ஒரு பாட்டுக்கூட இல்லாமல். யோசித்துக்கொள்ளுங்கள்.

2026-ஐ எடுத்துக்கொண்டால் தம்மூஸ் 17 ஜூலை 2, வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி, அமெரிக்கச் சுதந்திர தின நெரிசல். ஜூலை 4 சனிக்கிழமை, ஷபாத். வியாழன் நோன்போடு வண்டி ஓட்டுவது ஆபத்து, வெள்ளி சாலையில் நகர முடியாது, சனி வண்டியைத் தொடவே முடியாது. அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். ஆவ் 9 அந்த வருஷம் ஜூலை 22 மாலை தொடங்கி 23 இரவு முடிகிறது. அதற்கடுத்த வாரங்கள்தான் என் தேர்வு. துக்கம் முடிந்து வீட்டில் எல்லோர் முகமும் தெளிந்திருக்கும், குழந்தைகளை மிச்சிகன் ஏரிக் கரைக்கும் கூட்டிப் போகலாம். பள்ளி முடிந்ததும் ஜூன் கடைசியில் ஓடிவிடுவது இன்னொரு வழி.

பாதையைப் பிரிப்பது

ஷபாத் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி, சனிக்கிழமை இரவு நட்சத்திரங்கள் தெரியும்போது முடிகிறது. அந்தச் சுமார் 25 மணி நேரத்தில் வண்டி ஓட்டக் கூடாது, ஏறி உட்காரவும் கூடாது. விளக்கு ஏற்றுவது சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு. ஆகவே பயணத் திட்டத்தைப் புறப்படும் நேரத்திலிருந்து போடாதீர்கள். வெள்ளி மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

ஜூன் கடைசியில் சிகாகோவில் சூரியன் மறைவது இரவு எட்டரையை ஒட்டி. க்ளீவ்லாந்தில் ஒன்பதைத் தாண்டிவிடும். ஊர் கிழக்கே இருந்தும் மறைவு தாமதம், ஏனென்றால் அது கிழக்கு நேர மண்டலத்தின் மேற்குப் பகுதியில் இருக்கிறது, சிகாகோவோ மத்திய நேர மண்டலத்தில். போகும்போது கடிகாரத்தில் ஒரு மணி நேரம் லாபம், திரும்பும்போது நஷ்டம். இந்தக் கணக்கை மனதில் போடாமல் தாளில் எழுதிக் காரில் ஒட்டுங்கள்.

சரி, எட்டரை வரை நேரம் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. கோடையில் பல சினகாக்குகளில், அதாவது யூதத் தொழுகைக்கூடங்களில், மக்கள் ஷபாத்தை முன்கூட்டியே, ஏழு மணி வாக்கிலேயே ஏற்றுக்கொள்வார்கள். குழந்தைகள் தூங்குவதற்குள் விருந்தை முடிக்கலாம் என்ற வசதிதான். அதனால் “இந்த வாரம் சீக்கிரமா, நேரத்துக்கா?” என்று மாமனாரிடம் திங்கட்கிழமையே கேட்டுவிடுவேன். இதைக் கேட்டதிலிருந்துதான் அவர் என்னை விஷயம் தெரிந்தவனாகப் பார்க்கத் தொடங்கினார்.

எங்கள் முறை இது: புதன் காலை கிளம்பி இரவு க்ளீவ்லாந்து, வியாழன் மாலை சிகாகோ. வெள்ளி முழுவதும் கையிருப்பு.

287-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி 80-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் டெலவேர் நீர்க்கணவாய் வழியாகப் பென்சில்வேனியா. நுழையும் பாலத்தைத் தாண்டியபின் அந்த மாநிலத்தில் 80-க்குச் சுங்கம் இல்லை. சுமார் 310 மைலுக்கு மலையும் மரமும்தான், கோஷர் கடை என்று எதுவும் எதிர்பார்க்காதீர்கள். அப்புறம் ஒஹாயோ டர்ன்பைக், இந்தியானா டோல் ரோடு, சிகாகோ ஸ்கைவே என்று சுங்கச் சாலைகள். எல்லாவற்றுக்கும் ஈசி-பாஸ் என்னும் மின்னணுச் சுங்க அட்டை ஒன்றே போதும். க்ளீவ்லாந்தின் கிழக்குப் புறநகர்களான பீச்வுட், யூனிவர்சிட்டி ஹைட்ஸ் பக்கம் பெரிய யூத சமூகம் இருக்கிறது. உணவகம், ரொட்டிக்கடை, சினகாக் எல்லாம் உண்டு. நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் வடக்கே விலக வேண்டும். பாதையில் பாதிக்கும் மேல் அங்கே முடிந்துவிடும் என்பதால் இரவு தங்க அதுதான் இடம்.

சாப்பாட்டுக் கூடை

தமிழர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. நானும் செய்தேன். சைவம் என்றால் கோஷர்தானே என்று நினைப்பது. இல்லை. உணவகத்தில் சமைத்த சாம்பாரில் இறைச்சி இல்லாமல் இருக்கலாம், ஆனால் அந்தப் பாத்திரம், அடுப்பு, எண்ணெய், பாலாடைக்கட்டியில் சேர்த்த உறைபொருள், கீரையில் இருக்கக்கூடிய பூச்சி, யார் சமைத்தார்கள் என்பது வரை எல்லாமே கணக்கு. சான்றிதழ் உள்ள சைவ இந்திய உணவகங்கள் சில ஊர்களில் இருக்கின்றன. பலகையில் ‘சைவம்’ என்று போட்டிருப்பது மட்டும் போதாது.

பொட்டலத்தில் வாங்குவதற்கு முத்திரை பார்க்கப் பழகுங்கள். வட்டத்துக்குள் ‘யூ’, வட்டத்துக்குள் ‘கே’, நட்சத்திரத்துக்குள் ‘கே’, முக்கோணத்துக்குள் ‘சி-ஆர்-சி’ ஆகியவை பரவலாக நம்பப்படுபவை. கடைசியாகச் சொன்னது சிகாகோ ரப்பிகள், அதாவது யூத மதகுருக்கள், மன்றத்துடையது. வெறும் ‘கே’ எழுத்து மட்டும் இருந்தால் கேட்காமல் வாங்காதீர்கள், ஒற்றை எழுத்துக்கு யாரும் உரிமை கோர முடியாததால் எவர் வேண்டுமானாலும் அச்சிடலாம். முத்திரைக்குப் பக்கத்தில் ‘டி’ இருந்தால் பால் சேர்ந்தது. ‘பி’ இருந்தால் பஸ்கா பண்டிகைக்கு ஏற்றது. பாலும் இல்லை இறைச்சியும் இல்லை என்ற வகைக்குப் ‘பார்வே’ என்று பெயர், ‘பி’ அதைக் குறிப்பதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு தடவை நான் வாங்கிய பிஸ்கட்டை மாமியார் ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் தனியே வைத்தார்.

கோஷரில் இறைச்சியையும் பாலையும் கலப்பதில்லை, இறைச்சிக்குப் பின் பால் சாப்பிட இடைவெளியும் வேண்டும். பெரும்பாலோர் ஆறு மணி நேரம், சில குடும்பங்களில் மூன்று, டச்சுக்காரர்களின் வழிவந்தவர்களுக்கு ஒன்று. காலை பதினொன்றுக்குக் கோழி சாண்ட்விச் கொடுத்துவிட்டால் மாலை ஐந்து வரை ஐஸ்கிரீம் கேட்டு அழும் குழந்தையை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். நமக்கு அதைவிடக் கஷ்டம், கடைசியில் ஒரு வாய் தயிர்சாதம் இல்லாமல் எழுந்திருப்பது. என் அனுபவத்தில் பகலெல்லாம் பார்வேயாகவே வைத்துக்கொண்டு, இறைச்சியை இரவு தங்கும் ஊருக்கு ஒத்திப்போடுவதுதான் நிம்மதி.

இங்கேதான் நம் கட்டுச்சோறு கைகொடுக்கிறது. கோஷர் சமையலறையில் கிளறிய புளியோதரை அசல் பார்வே. கெட்டுப்போகாது, சூடு பண்ண வேண்டாம். இன்னொரு சௌகரியம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. ரொட்டி சாப்பிட்டால் அதற்கு முன் பாத்திரத்தில் நீர் மொண்டு விதிப்படி கை கழுவி, சாப்பிட்டபின் நீளமான நன்றி ஜெபம் சொல்ல வேண்டும். சோற்றுக்கு அந்தக் கை கழுவல் இல்லை, பின்னால் சொல்லும் வாழ்த்தும் ஓரிரு வரிதான். சுங்கச் சாலை ஓய்விடத்தில் வரிசையில் நின்று குவளையில் தண்ணீர் பிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். என் மனைவியின் தம்பி இப்போது எங்களோடு வரும் போதெல்லாம் “புளியோதரை உண்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறான். ஆனாலும் ஒரு குவளை காரில் இருக்கட்டும், யாராவது ரொட்டி சாப்பிடுவார்கள்.

ஐஸ்பெட்டி இரண்டு வேண்டும், ஒன்று பாலுக்கு, ஒன்று இறைச்சிக்கு. வேறு வேறு நிறத்தில் வாங்குங்கள். காகிதத் தட்டு, பிளாஸ்டிக் கரண்டி, ஒரு சொந்தக் கத்தி. வழியில் முழுப்பழம், தண்ணீர், முத்திரை உள்ள சிப்ஸ், முத்திரை உள்ள பொட்டல ஐஸ்கிரீம் இவை எந்தப் பெட்ரோல் நிலையத்திலும் கிடைக்கும். வெட்டி வைத்த பழத்தைப் பற்றிக் கத்தியைக் காரணம் காட்டி யோசிப்பார்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். விடுதி அறை மைக்ரோவேவில் சூடாக்கலாம், உணவை இரண்டு உறைகளில் மூடி வைத்தால் சரி. ஓவன் அடுப்பில் என்றால் இரட்டை அலுமினியத் தாள். இரண்டையும் மாற்றிச் செய்து மைக்ரோவேவில் அலுமினியத் தாளை வைத்துப் பொறி பறக்கவிட்டவன் எழுதுகிறேன்.

வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் இரண்டு பொருளை விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒன்று, ஷபாத் மெழுகுவத்தி, உருகி ஒட்டிக்கொள்ளும். மற்றொன்று, தெஃபிலின். காலை ஜெபத்தில் கையிலும் நெற்றியிலும் கட்டும் தோல் பெட்டிகள் அவை, உள்ளே தோல்தாளில் எழுதிய வசனங்கள். சூட்டில் பெட்டி வளைந்துவிடும், எழுத்து விட்டுப்போகும், விலையும் அதிகம். என் மூத்தவனுக்குப் பதின்மூன்று ஆனதிலிருந்து அந்தப் பை எங்களோடு சாப்பாட்டு மேசைக்கும் வருகிறது.

கிளம்பும் நாள்

ஊர் எல்லை தாண்டியதும் பயண ஜெபம் சொல்வார்கள், தெஃபிலாத் ஹதெரெக் என்று பெயர். ஒரு நிமிடம்கூட ஆகாது. லாமினேட் செய்த அட்டை ஒன்றை முன்கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருக்கிறோம். ஓட்டுபவர் அதைப் படிக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் சொல்ல ‘ஆமென்’ சொன்னால் போதும். நான் யூதன் இல்லைதான், ஆமென் சொல்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது.

அதற்கு முன்பே, தெரிந்தவர்கள் சிலர் கையில் ஒரு டாலர் திணிப்பார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் தர்மத்துக்குக் கொடுக்கச் சொல்லி. நற்செயலுக்காகப் போகும் தூதனுக்குத் தீங்கு வராது என்ற நம்பிக்கை. என் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பது நினைவு வந்தது, அதனால் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் அந்த டாலரைச் சுங்கத்துக்கோ காபிக்கோ செலவழித்துவிடாதீர்கள். தனி உறையில் போட்டு வையுங்கள்.

குடும்பத்தில் யாராவது பெற்றோரை இழந்து பதினோரு மாதத்துக்குள் இருந்தால் கதிஷ் என்ற ஜெபம் சொல்லப் பத்துப் பேர் கூடிய தொழுகை தினமும் தேவை. அப்போது நிறுத்தங்களை அதை வைத்தே போட வேண்டியிருக்கும். ‘கோடேவன்’ இணையத்தளத்தில் ஊர்ப்பெயர் போட்டால் எங்கே, எத்தனை மணிக்கு என்று வரும். கோடையில் நேரம் மாறும், ஒரு தொலைபேசி அழைப்பு போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வழியில் வெள்ளிக்கிழமை சிக்கிக்கொண்டால்

வெள்ளி முழுவதும் கையிருப்பு என்று சொன்னேனே, அதற்குக் காரணம் உண்டு. சில வருஷம் முன்பு, ஜூலைத் தொடக்கம். வியாழன்தான் கிளம்பினோம். வெள்ளி காலை க்ளீவ்லாந்தில் ஏரிக்கரை அறிவியல் மையத்தைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு, சாவகாசமாக மதியம் வண்டியை எடுத்தேன். இந்தியானா எல்லைக்குப் பக்கத்தில் மூன்று மணிக்கு டயர் வெடித்தது. மாற்று டயர் இல்லை. இழுவை வண்டி வந்து, கடைக்குப் போய், அந்த அளவு டயர் அங்கே இல்லாமல், அடுத்த ஊரிலிருந்து வரவழைத்து முடிக்கும்போது மணி ஏழு. சிகாகோவுக்கு இன்னும் மூன்று மணி நேரம். கடிகார லாபத்தைச் சேர்த்தாலும் போய்ச் சேர ஒன்பது. சூரியன் அதற்குள் மறைந்துவிடும்.

“நீ யூதன் இல்லையே, நீ ஓட்டேன்” என்று என் அக்கா பிறகு தொலைபேசியில் கேட்டாள். எல்லோருக்கும் தோன்றும் கேள்விதான். நான் ஓட்டினாலும் அவர்கள் அதில் உட்கார்ந்து வர முடியாது. தங்களுக்காக வேலை செய்யும்படி யூதர் அல்லாதவரிடம் ஷபாத்தில் கேட்பதற்கும் அனுமதி இல்லை.

மனைவி இரண்டு அழைப்புகள் செய்தாள். முதலாவது, வழியில் இருக்கும் சவுத் பெண்ட் ஊர் சினகாக்குக்கு. எதிர்முனையில் இருந்தவர் நாங்கள் யார் என்றுகூட அதிகம் விசாரிக்கவில்லை. எத்தனை பேர், குழந்தைகளுக்கு ஒவ்வாமை உண்டா, இவ்வளவுதான். விருந்தினரை வரவேற்பது அவர்களுக்கு மதக் கடமை, ஆபிரகாமின் கூடாரத்திலிருந்து வருவது. இருபது நிமிடத்தில் ஒரு குடும்பத்தின் முகவரி வந்துவிட்டது. சவுத் பெண்ட் கிழக்கு நேரத்தில் இருக்கிறது, விளக்கேற்றும் நேரம் ஒன்பதை ஒட்டி. எட்டு இருபதுக்குப் போய் இறங்கினோம். முன்பின் தெரியாத அந்த வீட்டில் எங்கள் நாலு பேருக்கும் படுக்கை விரித்து வைத்திருந்தார்கள்.

இரண்டாவது அழைப்பு மாமியாருக்கு. அதை மறந்துவிடவே கூடாது. ஷபாத் தொடங்கியபின் அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாமல் சனிக்கிழமை இரவு வரை கலங்கிக்கொண்டே இருப்பார்.

ஷபாத்தில் மின்சாரத்தை இயக்குவதில்லை என்பதால், விடுதியில்தான் அதைக் கழிக்க வேண்டும் என்றால் சில ஏற்பாடுகள்: படிக்கட்டில் ஏறிப் போகத் தரைத்தளமோ முதல் மாடியோ கேளுங்கள். மின்னட்டைச் சாவி, தானாகத் திறக்கும் கதவு, ஆள் நடமாட்டம் கண்டு எரியும் விளக்கு எல்லாமே சிக்கல். வரவேற்பு மேசையில் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி, சாதாரணக் கதவு எது என்று பார்த்து வையுங்கள். குளிர்பெட்டிக்குள் எரியும் விளக்கின் பொத்தானை நாடா ஒட்டி அமுக்கிவிடுங்கள். பெரும்பாலான விடுதிகளில் நெருப்பு ஏற்ற அனுமதி இல்லை, என்ன விளக்கு வைக்கலாம் என்பதை அவர்கள் தங்கள் ரப்பியிடம் கேட்டுக்கொள்வார்கள். உங்கள் யோசனையைச் சொல்ல வேண்டாம்.

பபி வீட்டு வாசலில்

என் குழந்தைகளுக்குப் பாட்டி ‘பபி’, தாத்தா ‘ஸேடி’. இத்திஷ் மொழிச் சொற்கள். ஹீப்ரு பேசும் வீடுகளில் சவ்தா, சபா. எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவரவர்க்குப் பிடித்த பெயர் உண்டு.

வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நமக்குத் தெரியும். சமைத்த பலகாரம் வேண்டாம். முத்திரை உள்ள சாக்லேட், முழுப்பழக் கூடை, இல்லையென்றால் வெள்ளி மதியத்துக்குள் பூ. திராட்சமது கொண்டுபோக ஆசைப்பட்டால் ‘மெவுஷால்’ என்று எழுதிய கோஷர் மது வாங்குங்கள். காய்ச்சியது என்று பொருள். காய்ச்சாத மதுவை யூதர் அல்லாதவர் ஊற்றினால் அதை அவர்கள் குடிக்க முடியாமல் போகும். உதவுகிறேன் பேர்வழி என்று மேசையில் திறந்திருக்கும் குப்பியை எடுத்து எல்லோருக்கும் ஊற்றப் போகாதீர்கள். முதல் வருஷம் நான் கை நீட்டினேன். மாமனார் என்னைவிட வேகமாக நீட்டினார். அப்போது கொஞ்சம் வலித்தது. விதி எனக்கு முன்பே பல நூறு வருஷமாக இருப்பது, என்னைப் பற்றியது அல்ல என்று புரிய நாளாயிற்று.

சமையலறையில் தொட்டி இரண்டு, பாத்திரம் இரண்டு செட், துடைக்கும் துணிகூட இரண்டு. பால் ஒரு பக்கம், இறைச்சி ஒரு பக்கம். கேட்காமல் எந்தக் கரண்டியையும் எடுக்காதீர்கள், எதையும் எந்தத் தொட்டியிலும் போடாதீர்கள். “எங்கே வைக்க?” என்ற ஒரு கேள்வி ஆயிரம் உதவிக்குச் சமம்.

வெள்ளி மாலைக்குள் குளித்துவிடுங்கள், தொலைபேசியை அணைத்து உள்ளே வையுங்கள். கழிவறை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பழக்க தோஷத்தில் அணைத்துவிடாதீர்கள், அடுத்தவர் இருட்டில் போக வேண்டியதுதான். அங்கே சுருளுக்குப் பதில் தனித்தனித் தாள் இருப்பதற்கும் காரணம் உண்டு: ஷபாத்தில் கிழிப்பதில்லை. உங்களுக்காக நீங்களே ஒரு விளக்கைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அவர்களுக்கு உதவுவதாக நினைத்து ஒன்றும் செய்ய வேண்டாம்.

விருந்துக்கு முன் ஸேடி பேரப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார். பையன்களுக்கு எப்பிராயீம், மனாசே போல இருக்க வேண்டும் என்று. பெண்களுக்குச் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போல. அந்த நேரம் ஓரமாக நில்லுங்கள். பிறகு மதுக்கிண்ணத்தை ஏந்திச் சொல்லும் கிட்டுஷ் வாழ்த்து, அப்புறம் கை கழுவல். கை கழுவியதிலிருந்து ஹல்லா ரொட்டியின் முதல் துண்டை வாயில் போடும்வரை யாரும் பேச மாட்டார்கள். புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அறை முழுக்கத் திடீரென்று மௌனமாகிவிடும், ஏதோ சங்கடம் என்று நினைத்து நாம் வானிலை பற்றிப் பேச ஆரம்பிப்போம்.

சனிக்கிழமை நீளம். கோடையில் முடிய ஒன்பதரை ஆகிவிடும். தள்ளுவண்டியில் குழந்தையோடு வெளியே போக வேண்டுமானால் ‘எருவ்’ இருக்கிறதா என்று கேளுங்கள். தெருவில் பொருள் எடுத்துச் செல்ல அனுமதிக்கும் எல்லைக் கம்பி அது, ஒவ்வொரு வாரமும் அறுந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். வெஸ்ட் ராஜர்ஸ் பார்க்கில் உண்டு. மதியத் தூக்கத்துக்குப் பின் ஸேடியோடு உட்காருங்கள். பஸ்காவுக்குப் பிந்திய கோடைச் சனிக்கிழமைகளில் ‘பிர்கேய் ஆவோத்’ என்னும் முன்னோர் மொழிகளை வாரம் ஒரு அத்தியாயமாகப் படிப்பது வழக்கம். எங்கள் வீட்டில் அது பத்து நிமிடத்தில் படிப்பிலிருந்து பழங்கதைக்கு மாறிவிடும். யூதருக்கு இடமில்லை என்று பலகை வைத்த ஏரிக்கரை விடுதிகளைத் தாண்டி அவருடைய அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டு போனது, அறுபதுகளில் அந்தப் பலகைகள் மறைந்தது, எல்லாம் அந்த நாற்காலியில்தான் கேட்டேன். பதிவு செய்ய முடியாது, எழுதவும் முடியாது. ஞாயிறு காலை நினைவிலிருந்து எழுதி வைக்கிறேன்.

வயதானவர்கள் வீடு என்பதால் இதையும் சொல்கிறேன்: ஷபாத்தில் யாருக்காவது நெஞ்சுவலி, மயக்கம் என்றால் தயங்காமல் 911-ஐ அழையுங்கள். உயிரைக் காப்பது ஷபாத்தை மீறும், யாரும் தடுக்க மாட்டார்கள்.

இரவு ஹவ்தலா, ஷபாத்தை வழியனுப்பும் சடங்கு. பின்னிய மெழுகுவத்தி, மது, நறுமணப் பெட்டி. பெட்டிக்குள் பெரும்பாலும் கிராம்பு. ஒரு வருஷம் நான் ஏலக்காயும் சேர்த்துக் கொடுத்தேன், பபி இன்றுவரை அதை மாற்றவில்லை.

நிலைமை தலைகீழாகவும் இருக்கலாம். பிள்ளைகள் கடைப்பிடிப்பார்கள், தாத்தா பாட்டி கடைப்பிடிக்க மாட்டார்கள். அதுதான் கஷ்டமான பயணம். பாட்டி ஆசையாகச் சமைத்ததைப் பேரன் சாப்பிட மாட்டான். இரண்டு வாரம் முன்பே அவரிடம் தொலைபேசியில் பேசி, எந்தக் கடையில் வாங்க வேண்டும், எந்தப் புதுச் சட்டி போதும் என்று சொல்லி, அவரையே வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் சட்டி தூக்கிக்கொண்டு போய் இறங்கினால் அவமானமாக இருக்கும்.

ஞாயிறும் அதற்குப் பிறகும்

எனக்குப் பிடித்த இடம் டெவான் அவென்யூ. மேற்கே யூதக் கடைகளும் இஸ்ரேலின் முன்னாள் பிரதமர் ‘கோல்டா மேயர்’ பெயர்ப் பலகையும், கிழக்கே நம்மூர் மளிகையும் ‘காந்தி மார்க்’ பலகையும். ஒரே தெருவில் ஹல்லா வாங்கிக்கொண்டு கறிவேப்பிலையும் வாங்கலாம். பக்கத்து ஸ்கோக்கியில் நாஜிகள் செய்த யூதப் படுகொலையைப் பற்றி 2009-இல் திறந்த இல்லினாய் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ஊரில் உயிர் தப்பி வந்தவர்கள் நிறையப் பேர் குடியேறியிருந்தார்கள். சின்னக் குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள், பெரியவர்கள் அரைநாள் ஒதுக்குங்கள்.

கல்லறைக்குப் போவார்கள், ஃபாரஸ்ட் பார்க்கில் வால்ட்ஹைம் போன்ற பழைய இடுகாடுகள் உண்டு. பூ வைப்பதில்லை, கூழாங்கல் வைப்பார்கள். வெளியே வரும்போது கை கழுவ வேண்டும். குடும்பம் கோஹேன் என்ற ஆசாரிய வழியினராக இருந்தால் ஆண்கள் உள்ளே வர மாட்டார்கள், வாசலில் காத்திருப்பார்கள். காரணம் கேட்டு அவசரப்படுத்தாதீர்கள்.

திரும்பும் பயணத்துக்குச் சனிக்கிழமை இரவு கிளம்பாதீர்கள். ஹவ்தலா முடிந்து பாத்திரம் கழுவிச் சாமான் கட்டும்போதே பதினொன்று ஆகிவிடும், கடிகாரத்தில் ஒரு மணி நேரம் வேறு போகும். ஞாயிறு விடியலில் எடுங்கள். உறையிலிருந்த டாலர்களை அதற்குள் எங்காவது தர்மப் பெட்டியில் போட்டிருக்க வேண்டும், ஸேடி கேட்பார். போகும்போது புதிதாக ஒன்றைத் திணிப்பார்.

பபி உறைய வைத்த குகல் (நூடுல்ஸிலோ உருளைக்கிழங்கிலோ சுடும் பண்டம்), சூப், கோழி என்று ஐஸ்பெட்டியை நிரப்பித் தருவார். வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. ஆனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் அது பாலா, இறைச்சியா, பார்வேயா என்று அவரையே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். க்ளீவ்லாந்து விடுதியில் ராத்திரி பத்து மணிக்கு, பசியோடு, ஒரே மாதிரி இருக்கும் ஆறு வெள்ளித்தாள் பொட்டலங்களை வைத்துக்கொண்டு நாங்கள் விழித்திருக்கிறோம். அன்று சாப்பிட்டது மிச்சமிருந்த புளியோதரை.